சங்கு ஊதாத வியாழக்கிழமை

எண்ணெய்க்காரரே என்று எழுதியாகிவிட்டது. அவ்வளவுதான், அதற்குமேல் பென்சில் ஓரடி எடுத்து வைக்கமாட்டேன் என்கிறது. மாராத்தாள் அதை நாக்கில் தொட்டுப் பார்த்தாள், கசந்தது, மறுபடியும் தொட்டாள். அன்புள்ள என்று ஆரம்பிக்கலாமா என்று காலையிலிருந்து புரட்டிப் புரட்டிப் பார்த்ததில் அந்த வார்த்தையே சலித்துப்போயிருந்தது. அன்புள்ள என்று ஊரில் யார்தான் யாருக்குத்தான் போடவில்லை, மில் முதலாளிகூட அன்புள்ள தொழிலாளர்களுக்கு என்று நோட்டீஸை ஆரம்பித்து, திங்கட்கிழமைக்குள் வராதவர்களுக்கு வேலை கிடையாது என்று முடித்திருக்கிறார், நல்ல அன்பு போ. பேரைப் போடலாம் என்றால் சென்னியப்பன் என்கிற பேரை அவள் வாய்விட்டுச் சொன்னதே இல்லை, எழுதினால் யாரோ மூன்றாம் மனுசனுக்கு எழுதுகிற மாதிரி இருக்கிறது. மில்லில் எல்லா மிஷினுக்கும் எண்ணெய் விட்டுக்கொண்டு போகிறவர், எண்ணெய்க்காரர், அதுதான் பேர், அதுதான் சரி. கையில் இருப்பது ஒரே ஒரு காகிதம், ஒரே ஒரு கவர், ஸ்டாம்பு ஒட்டினது. அடித்துத் திருத்த இடமில்லை. அதனால் முழுக்க மனசுக்குள் எழுதி முடித்துவிட்டுத்தான் காகிதத்தில் இறக்கவேண்டும். காலையிலிருந்து மூட்டமாக இருக்கிறது, பூவரச மரத்தடியில் நிழலும் இல்லை வெயிலும் இல்லை. எதிரே வேலாயுத மில்லின் இரும்புக் கேட், கேட்டுக்கு முன்னால் ரோட்டோரமாக ரீலிங்கில் நூல் சுற்றுகிற பொம்பளைகள் இருநூறு பேர், வேலைநிறுத்தத்தின் பதினோராம் நாள். அவசரம் ஒன்றுமில்லை. மில்லின் மூணு மணிச் சங்கு ஊதினதும் எழுந்துபோய் முக்குக்கடைத் தபால்பெட்டியில் போட்டால் போதும், அரைமணியில் மஸ்தான் பாய் வந்து பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டு போவார், ராத்திரி ரயில், வெள்ளி ஒரு நாள், சனிக்கிழமை காலையில் அவர் கையில் இருக்கும். சனிக்கிழமை தாண்டக்கூடாது, அது ஒன்றுதான். நேரம் கிடக்கிறது, சங்கு இன்னும் ஊதவில்லை.

அவருடைய கடுதாசி மடியில் கிடந்தது. எண்ணெய் வாசமில்லாத கடுதாசி, அதை முகர்ந்து பார்த்தபோதுதான் அவளுக்குத் துக்கமே வந்தது, படித்தபோது வரவில்லை. ஜெயிலில் மாதத்துக்கு ஒன்றுதான் எழுதவிடுவார்கள், அதையும் ஒருத்தர் உட்கார்ந்து படித்து, வேண்டாததை மசி பூசி மறைத்துத்தான் அனுப்புவார். பாதிக் காகிதம் கறுப்பு. ஆனால் பாருங்கள், ஒரு இடத்தை மட்டும் தொடவே இல்லை, பளிச்சென்று விட்டு வைத்திருக்கிறார் அந்த மகராசன். இனி யுத்தத்துக்கு எதிராகப் பேசமாட்டேன், பேசினது தப்பு என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே வெளியே விடுகிறார்களாம். தை பிறந்தால் உனக்கு வேறு இடம் பார்த்துவிடுவதாக உன் அண்ணன் சொல்லி அனுப்பினார், என்னால் இங்கே தூங்க முடியவில்லை மாராத்தாள், நீ என்ன சொல்கிறாயோ அதுதான், சனிக்கிழமைக்குள் உன்னிடமிருந்து கடுதாசி வராவிட்டால் வா என்று நீ சொன்னதாக எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். இவ்வளவும் மசிபடாமல் வந்திருக்கிறது. ஏன் வராது, அவர்களுக்கு வேண்டியதும் அதுதானே! இவள் பதிலுக்கு, போடாதீங்க என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும், அது முதலில் கறுப்பாகும். கறுப்பைப் பார்த்து அவர் என்னத்தை நினைப்பார், அண்ணன் சொன்னதற்கு இவள் தலையாட்டிவிட்டாள் என்றுகூட நினைப்பார், அந்த மனுசனுக்கு நினைப்பு ஓடுகிற ஓட்டம் இவளுக்குத் தெரியாதா. ஆகவே போடாதீங்க என்று எழுதாமல் போடாதீங்க என்று சொல்லவேண்டும். ஜெயில்காரர் படித்தால் பைத்தியக்காரப் பெண்ணின் காதல் கடுதாசி, அவர் படித்தால் உத்தரவு.

"ஏன் அம்மிணி, எழுதிப் போட்டயா இல்லே மோட்டுவளையைப் பார்த்துட்டே உக்காந்திருக்கயா?" என்றாள் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த நஞ்சம்மா. அவளுடைய பிள்ளை பட்டாளத்தில் எங்கேயோ மணல்காட்டில் இருக்கிறான், ஏழு மாதமாகச் சேதி இல்லை, அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிற பொம்பளை. "இங்க ஏதுக்கா மோடு, மரந்தான் இருக்குது" என்றாள் மாராத்தாள். "அதைத்தான் சொல்றன். கண்ணே மணியேன்னு நாலு வார்த்தை எழுதறதுக்கு நாலு நாளாடி? நானா இருந்தா சட்டுனு எழுதியிருப்பன்." "உங்களுக்குத்தான் எழுதத் தெரியாதே." "தெரிஞ்சிருந்தாங்கறன்!" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எவ்வளவு சத்தமாகச் சிரிக்கிறார்கள், எவ்வளவு சத்தமாகப் பேசுகிறார்கள், மில்லே நின்று கிடக்கிறது, இன்னும் இவர்களுக்குத் தொண்டை இறங்கவில்லை. கேட்டுக்குள்ளே குருவி கத்துவது கேட்கிறது. அந்த மில்லுக்குள் குருவி இருக்கிற விஷயமே பத்து வருசமாக யாருக்கும் தெரியாது.

மில் ஓடுகிற சத்தத்துக்குள் எவ்வளவு கத்தினாலும் யார் குரலை யார் கேட்டார்கள். ரீலிங்கில் நூல் சுற்றிக்கொண்டே உதட்டைப் பார்த்துத்தான் எல்லாப் பேச்சும், சாப்பிட்டாயா, மேஸ்திரி வருகிறான், வயிறு வலிக்குது, எல்லாம் உதடுதான். எண்ணெய்க்காரர் கேனைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளைக்கு இரண்டு தடவை இவளுடைய மிஷினண்டை வருவார். முதல் தடவை அவர் கைவிரல் இவள் சுற்றி வைத்த வெள்ளை நூல் சிட்டத்தில் பட்டு, ஐந்து விரலும் அச்சாகப் பதிந்து, மேஸ்திரி இவளைக் கிழி கிழியென்று கிழித்தபோது நடுவில் புகுந்து தன் எண்ணெய்க் கையை விரித்துக் காட்டினார் பாருங்கள், நான்தான் என்று உதடு அசைந்தது, அன்றைக்கு விழுந்தாள். அதற்கப்புறம் மூன்று வருசம் உதடுதான். அண்ணன் இதே மில்லில் நெசவுப் பகுதியில் இருக்கிறார், கேட்டுக்கு வெளியே நின்று பேச வழியில்லை. கட்டிக்கிறயா என்று கேட்டதும் உதடு, சரி என்று இவள் சொன்னதும் உதடு, இரண்டு பேருக்கும் நடுவில் நூற்றிருபது கதிர் நூல் ஓடிக்கொண்டிருந்தது. குரல் எப்படி இருக்கும் என்று இவள்பாட்டுக்கு ஒன்றை நினைத்து வைத்திருந்தாள், நல்ல கனத்த குரல், மிருதங்கம் மாதிரி. அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமைச் சந்தை. தக்காளிக்காரிக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு மூட்டைமேல் ஏறி நின்றார், வெள்ளை வேட்டி, நகக்கண்ணில் மட்டும் எண்ணெய்க் கறுப்பு போகவில்லை. வாயைத் திறந்தார். ஐயோ, கீச்சுக் குரல்! சின்னப் பிள்ளை அழுகிற மாதிரி, நடுநடுவே உடைந்துபோகிற குரல். இதுக்கா மூணு வருசம் காத்திருந்தேன் என்று இவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அந்தக் குரல் சொன்னது: நான் எண்ணெய் விடற மிஷின்ல ஓடற துணி காக்கித் துணி, அதைப் போட்டுட்டுப் போறவன் சாகறான், அவன் சுடறவனும் சாகறான், ரெண்டு பக்கமும் நம்மள மாதிரிக் கூலிக்காரன், இந்தச் சண்டைக்கு ஆளும் தராதீங்க, காசும் தராதீங்க, என்னைப் பிடிச்சுட்டுப் போனாலும் இதைத்தான் சொல்லுவன். நஞ்சம்மா சந்தைக் கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்று கேட்டாள். சிரிப்பு எப்போது நின்றது என்று மாராத்தாளுக்குத் தெரியாது, முந்தானை நனைந்திருந்தது. போலீஸ்காரர் வந்து கையைப் பிடித்தபோதும் அந்தக் கீச்சுக் குரல் கூட்டத்துக்கு மேலே கேட்டுக்கொண்டேதான் போனது. மொத்தம் ஒரு கால்மணி நேரம். அவள் கேட்டது அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று, உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும், யாருக்குத் தெரியப்போகிறது, மனசுக்குள்தானே. எழுதாமல் விட்டால் என்ன? இதை யாரும் அவளிடம் கேட்கவில்லை, அவளே கேட்டுக்கொண்டாள், ராத்திரி பூரா கேட்டுக்கொண்டாள். சும்மா இருந்தால் போதும், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், அவர் வந்துவிடுவார். அடுத்த வாரம் இந்த ரோட்டு வளைவில் நடந்து வருவார். பார்க்க வேண்டும், பார்த்தால் போதும், அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருக்க வேண்டும், அவளும் மனுசிதானே, கல்லா. கன்னம் ஒட்டியிருக்கும், கஞ்சி வைத்துக் கொடுக்கலாம். தையில் கல்யாணம். யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள், அவரைப்போலச் சந்தையில் பேசின பத்துப் பேரில் நாலு பேர் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து கடை வைத்திருக்கிறார்கள், நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆமாம், நன்றாகத்தான் இருக்கிறார்கள், ஆனால் முக்குக்கடையில் யாராவது சண்டைச் செய்தி படிக்க ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறார்கள். அங்கேதான் இவளுடைய நினைப்பு சிக்கிக்கொண்டது, எத்தனை தரம் சுற்றினாலும் அந்த இடத்தில் அறுந்தது. அவர் வருவார், சரி. வந்து சாப்பிட்டாயா என்பார். எதைக் கொண்டு சொல்வார்? உதட்டால்தான் சொல்வார். அந்தக் கீச்சுக் குரல் அங்கேயே அந்தத் தாளோடு தங்கிவிடும், வெறும் உதடு வந்து சேரும். மூணு வருசம் உதட்டோடு வாழ்ந்தாகிவிட்டது சாமி, போதும். இவள் கட்டிக்கொள்ளப் போவது அந்தக் குரலை. அட, இதுதான், இதைத்தான் எழுதவேண்டும்! நாலு நாளாகத் தேடினது இங்கேயே உட்கார்ந்திருக்கிறது! பென்சில் தானாக ஓடியது. ரோசம்மா டீச்சர் சங்க ஆபீசில் சாயங்காலம் சாயங்காலம் கையைப் பிடித்து எழுத வைத்த கோணல் எழுத்து, இப்போது யாரும் பிடிக்காமலே ஓடுகிறது. நான் சுகம். சங்கத்தில் கஞ்சி ஊற்றுகிறார்கள். அண்ணன் சொன்னதற்கு நான் சரி என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன், என் கழுத்து உங்களுக்குத்தான். உங்கள் குரலை நான் ஒரே தடவைதான் கேட்டேன். கீச்சுக் குரல். எனக்கு அதுதான் வேண்டும். வரும்போது அதைக் கொண்டு வாருங்கள். அங்கே யாராவது கேட்டால் கொடுத்துவிட்டு வராதீர்கள். அது இல்லாமல் நீங்கள் மட்டும் வந்தால் எனக்கு அடையாளம் தெரியாது.

படித்துப் பார்த்தாள். ஜெயில்காரர் படித்தால் சிரிப்பார், பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டிக்கூடச் சிரிப்பார், சிரிக்கட்டும். அப்படியொரு சந்தோசம் அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது, எழுந்து ஆடலாம் போல இருந்தது. கீழே பேர் போடவேண்டும். சம்பளத்துக்கெல்லாம் கட்டைவிரல்தான் இத்தனை நாளும், எழுதத் தெரிந்தவள் என்று மேஸ்திரிக்குத் தெரிந்தால் சங்கத்து நோட்டீஸைப் படித்துச் சொல்வது யார் என்று கண்டுபிடித்துவிடுவான். போன வாரம் முதலாளி இன்னொரு தாள் நீட்டினார், யுத்தம் முடிகிறவரை வேலைநிறுத்தம் செய்யமாட்டேன், கைநாட்டு வைத்துவிட்டு உள்ளே போ என்று. இருநூறு பேரில் ஒருத்தி வைக்கவில்லை. ஐந்தாம் நாள் அந்தத் தந்திரம் பலிக்காமல்தான் திடீரென்று சங்கை ஊதிப் பார்த்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாகவும் இருக்கிறது, சிரிப்பாகவும் இருக்கிறது. சங்கு ஊதினதும் இருநூறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்துவிட்டார்கள்! யாரும் நினைத்து எழவில்லை, கால் எழுந்துவிட்டது, பத்து வருசப் பழக்கம், கேட்டைப் பார்த்துப் பத்தடி நடந்தும் விட்டார்கள். மேலே ஜன்னலில் மேனேஜர் பல்லைக் காட்டினார். நஞ்சம்மாதான் நடுரோட்டில் பொத்தென்று உட்கார்ந்து, "அடி, எங்கடி போறோம்!" என்று கத்தினாள். எல்லாரும் அப்படியே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அதோடு மேனேஜருக்கு மானம் போய்விட்டது, அன்றைக்கு இறக்கின கொதிகலன் நெருப்பை அப்புறம் மூட்டவே இல்லை. நல்ல நாள் அது. மாராத்தாள் பேரை எழுதினாள். மா பெரிதாக வந்துவிட்டது, இருக்கட்டும். கவரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு காலை நீட்டினாள். சங்கு ஊதட்டும், போகலாம்.

வளைவில் மணியடித்துக்கொண்டு ஒரு சைக்கிள் வந்தது. மஸ்தான் பாய். ஹாண்டில்பாரில் காக்கிப் பை தொங்கிக்கொண்டு, உப்பிக்கொண்டு வந்தது. இவர் எங்கே இதற்குள் பெட்டியைத் திறந்துவிட்டு வருகிறார், இன்னும் சங்கே ஊதவில்லையே என்று மாராத்தாள் நினைத்தாள். சங்கே ஊதவில்லையே. கொதிகலன் அணைந்து கிடக்கச் சங்கு எப்படி ஊதும்? அதை நிறுத்தி வைத்தவர்களில் அவளும் ஒருத்தி அல்லவா, பதினோரு நாளாக அது ஊதக்கூடாது என்றுதானே இந்தத் தூசியில் உட்கார்ந்திருக்கிறாள்! பிறகு அதைவிட மோசமான ஒன்று வந்தது. மறந்துதான் போனாயா, இல்லை, மறக்கவேண்டும் என்று இருந்தாயா? அவர் வரட்டும் என்று உள்ளே ஒருத்தி உட்கார்ந்து உன் காலைப் பிடித்துக்கொண்டாளா? சைக்கிள் அவளைத் தாண்டிவிட்டது. பதில் சொல்ல நேரமில்லை, அப்படியே இருந்தாலும் அவள் இருந்துவிட்டுப் போகட்டும், எழுந்து ஓடுகிறவளும் நான்தானே என்று மாராத்தாள் எழுந்து ஓடினாள். "பாய்! பாய்!" என்று கத்தினாள். மஸ்தான் பாய் திரும்பவில்லை, அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அப்போது பின்னாலிருந்து நஞ்சம்மாவின் குரல் வெடித்தது. "மறிங்கடி!"

என்ன ஏது என்று ஒருத்தி கேட்கவேண்டுமே! காக்கித் துணி லாரியை மறித்து மறித்துப் பழகின பொம்பளைகள், மறி என்று கேட்டதும் ரோட்டில் குறுக்கே கையைக் கோத்து உட்கார்ந்துவிட்டார்கள், நாலு வரிசை. லாரி எங்கே என்று அப்புறந்தான் தேடினார்கள். மஸ்தான் பாய் பிரேக் பிடித்து, சறுக்கி, ஒரு காலை ஊன்றி நின்றார். "யா அல்லா, சர்க்கார் தபாலம்மா இது! மறிச்சா ஆறு மாசம் உள்ள போடுவாங்க!" "இருநூறு பேரையும் போடச் சொல்லுங்க பாய், ஜெயில்லயாவது கஞ்சி கெட்டியா ஊத்துவாங்க" என்றாள் நஞ்சம்மா. "ஒரு கடுதாசி, ஒண்ணே ஒண்ணு, பையில போட்டுட்டுப் போயிருங்க." மூச்சிரைக்க மாராத்தாள் கவரை நீட்டினாள். அவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "ரோட்டுல நின்னு கையில வாங்கமாட்டன் அம்மா. நீங்க ஸ்ட்ரைக்காருங்க, அங்க போலீஸ்காரர் பார்த்துட்டிருக்கார், நாளைக்கு என்னைக் கேப்பாங்க. பெட்டியில விழுந்தாத்தான் அது தபால், இல்லாட்டி அது எனக்குப் பொல்லாப்பு." அவள் கையிலிருந்த கவரின் விலாசத்தைக் குனிந்து பார்த்தார். ஜெயில் பேரைப் படித்தார், அப்புறம் ஆள் பேரைப் படித்தார், உதடு அசைந்தது. சந்தையில் அன்றைக்கு இவரும் நின்றுகொண்டுதான் இருந்தார். "சனிக்கிழமைக்குள்ள போகணும் பாய்" என்றாள் மாராத்தாள். அவர் சைக்கிளைத் திருப்பினார். "பெட்டியில போடு. சாவி என்கிட்டத்தான் இருக்குது."

அப்புறம் நடந்ததைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். மஸ்தான் பாய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனார், மாராத்தாள் கவரைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள், இருநூறு பொம்பளைகளும் அவள் பின்னால் கிளம்பிவிட்டார்கள். போலீஸ்காரர் ஊர்வலம் என்று நினைத்துத் தொப்பியைத் தேடினார், ஊர்வலம் தபால்பெட்டிக்குப் போகிறது என்று தெரிந்ததும் எந்தச் சட்டத்தில் பிடிப்பது என்று தெரியாமல் நின்றார். மேலே ஜன்னலில் மேனேஜர் தெரிந்தார், இந்தத் தடவை பல்லைக் காட்டவில்லை. முக்குக்கடை வாசலில் எல்லாரும் சுற்றி நின்றார்கள். பெட்டி வாயருகே கவரைக் கொண்டுபோனவள் சட்டென்று இழுத்துக்கொண்டாள். "பாய், ஒரே ஒரு வரி பாய்." "அட என்னம்மா நீ!" ஒட்டாத கவரிலிருந்து காகிதத்தை உருவி, சைக்கிள் சீட்டின்மேல் வைத்து, பேருக்குக் கீழே இருந்த காலி இடத்தில் எழுதினாள். இங்கே ஆறு நாளாகச் சங்கு ஊதவில்லை. மணி என்ன என்றே தெரியாமல் உட்கார்ந்து உங்களுக்கு எழுதினேன். மணி தெரியாதவளுக்குக் காத்திருப்பது கஷ்டமே இல்லை. எழுதி முடித்துவிட்டுத்தான் பார்த்தாள், மில் நின்று கிடப்பதும், ஒருத்தியும் உள்ளே போகாததும், தை அல்ல பத்துத் தை ஆனாலும் இவள் இருப்பாள் என்பதும், எல்லாம் அதில் இருக்கிறது, மசி பூச ஒரு வார்த்தை இல்லை. கண்ணில் தண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. கவரை ஒட்டி உள்ளே போட்டாள். காலிப் பெட்டியில் அது டொக்கென்று விழுந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. மஸ்தான் பாய் ரொம்ப மரியாதையாகச் சாவியைப் போட்டுத் திறந்து, ஒற்றைக் கடுதாசியை எடுத்துப் பைக்குள் வைத்து, மறுபடி பூட்டினார்.

"அடுத்த தரமாவது மணியைப் பார்த்து எழுதும்மா" என்றார், சைக்கிளில் ஏறிக்கொண்டே. "நாலாகப் போகுது."

"மணிக்கு எங்க போறது பாய்" என்றாள் மாராத்தாள், சத்தமாக, மில் ஓடுகிறபோது பேசுகிற சத்தத்தில், ஜன்னலுக்கும் கேட்கட்டும் என்று. "அதைத்தான் நாங்க நிறுத்தி வச்சிருக்கமே!"